பாட்டுக்குப் பட்டா

தேவிகுளம் தேர்தல் மேடை முதல் அட்டப்பாடி ஊர்கள் வரை, கேரள எல்லையின் தமிழ் மண்ணில் பாட்டுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தப் பாட்டைத் தாமே பதிவு செய்து, தம் பெயரில் வெளியிட்டு, உரிமையையும் தாமே வைத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. அதற்கான வழியைக் கையில் காசில்லாத பாப் பங்க் குழுக்கள் எப்போதோ போட்டுக் காட்டிவிட்டன.

1958 மே மாதம். தேவிகுளம் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். முந்தைய ஆண்டு ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த கம்யூனிஸ்ட் அமைச்சரவை, 126 பேர் கொண்ட அவையில் சுயேச்சைகளையும் சேர்த்து 65 பேரை வைத்துக்கொண்டுதான் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தது. எதிர் வேட்பாளரின் மனுவைத் தள்ளுபடி செய்தது தவறு என்று சொல்லி, தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றியைத் தீர்ப்பாயம் ரத்து செய்திருந்தது. அதனால் மறுபடியும் வாக்குப்பதிவு. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் யாருக்கு என்ற சண்டை ஓய்ந்து, 1956 நவம்பர் 1 அன்று அவை கேரளத்தோடு சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் தமிழர்கள். அவர்களிடம் யார் போய்ப் பேசுவது?

பேசுவதற்கு ஒரு பாட்டுக்குழு மலையேறியது. அன்றைய மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணைப்புரத்துக்காரர் பாவலர் வரதராசன், ஆர்மோனியத்தோடு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பாடினார். அந்தக் காலகட்டத்தில்தான் பதினைந்து வயதைத் தொட்டுக்கொண்டிருந்த தம்பி ராசய்யாவும் அண்ணனின் குழுவில் சேர்ந்தார். மெட்டுகளில் பல, சனங்களின் வாயில் ஏற்கெனவே புழங்கிய சினிமா மெட்டுகள். சொற்கள் பாவலருடையவை. கூலி, விலைவாசி, ஆட்சி, கட்சிச் சின்னம் என்று அன்றாடம் பேசிக்கொள்வதெல்லாம் பாட்டானது. ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் வென்றார். அந்த வெற்றியின் பெருமை பாவலருக்கே உரியது என்று இ.எம்.எஸ். சொன்னதாக இளையராஜாவும் அவர் சகோதரர்களும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ராசய்யாதான் பிற்காலத்து இளையராஜா.

இந்தக் கட்டுரைக்கு இந்த நிகழ்ச்சிதான் தொடக்கப் புள்ளி. எந்தக் கம்பெனியும் அவர்களுக்கு முன்பணம் தரவில்லை. ஸ்டூடியோவோ விளம்பரமோ இல்லை. அண்ணன் தம்பிகள் தாங்களே எழுதி, தாங்களே வாசித்து, தாங்களே ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்று ‘இண்டி இசை’ என்று நகரத்து இளைஞர்கள் பேசுகிற காரியத்தை இடுக்கி மலையின் தொழிலாளர் லயத்து வாசல்களில் ஒரு குடும்பம் அறுபது வருடங்களுக்கு முன்பே செய்து முடித்துவிட்டது. அவர்களுக்குக் கிடைக்காமல் போனது ஒன்றுதான். பாடியதைப் பாடிய சூட்டிலேயே பதிந்து, பெயரும் தேதியும் போட்டு, உரிமையோடு ஊருக்குக் கொடுக்கும் வசதி அன்று அவர்கள் கைக்கு எட்டவில்லை.

குரலை ஏற்றுமதி செய்யும் எல்லை

தமிழ்த் திரையிசையின் இரண்டு பெரும் காலங்களும் இந்த எல்லையின் இரண்டு முனைகளில் பிறந்தவை. எம்.எஸ். விஸ்வநாதன் 1928இல் பாலக்காட்டுக்கு அருகே எலப்புள்ளியில் பிறந்தார். இளையராஜா 1943இல், இடுக்கி மலைத்தொடருக்குக் கீழே பிறந்தார். இருவருமே தங்கள் இசை வெளியே கேட்கவேண்டும் என்பதற்காகச் சென்னைக்குப் போகவேண்டியிருந்தது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வந்துபோகவில்லை. பாட்டும் இரு பக்கமும் நடந்திருக்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், வேலந்தாவளம் பக்கங்களில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் குடியிருக்கும். பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்தில் பாத்திரங்கள் இரண்டு மொழியையும் கலந்துதான் பாடுகின்றன. அட்டப்பாடியில் இருளர் ஊர்களில் பறையும் தவிலும் கொகால் குழலும் ஜால்ராவும் சேர்ந்தால் விடிய விடிய ஆட்டம். இடுக்கிப் பக்கம் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் பெண்களின் தொண்டையில் தேனி மாவட்டத்தின் பாட்டு முழுக்க இருக்கிறது.

2015 செப்டம்பரில் மூணாறு சாலைகளில் உட்கார்ந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். கண்ணன் தேவன் தோட்டத்தில் 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது, எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் பக்கத்தில் சேர்க்காமல் ஆயிரக்கணக்கான பெண்கள் தாங்களே திரண்டார்கள். ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயர் அந்த நாட்களில்தான் எழுந்தது. அவர்களின் கோஷங்கள் தமிழில், எதுகை மோனையோடு, ஒருத்தி எடுத்துக்கொடுக்க நூறு பேர் திருப்பிச் சொல்லும் தாளத்தில் இருந்தன. யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. வயிற்றிலிருந்து வந்தது. நாட்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டத்தின் முடிவில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து அந்த 20 சதவீதம் கிடைத்தது. உலகம் ‘பங்க்’ என்று பெயர் வைத்த இசையின் உயிர்நாடி அந்தச் சாலையில் துடித்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு எல்லையூர்

பாப் பங்க் என்றால் என்ன? 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் இங்கிலாந்திலும் எழுந்த பங்க் இசையின் வேகத்தையும், எளிய சினிமாப் பாட்டுப் போல மனதில் ஒட்டும் மெட்டையும் சேர்த்த இசை. மூன்று ஸ்வரக்கூட்டு (கார்டு) மட்டும் வாசிக்கும் ஒரு கிட்டார், அடித்து நொறுக்கும் டிரம்ஸ், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு. பேசுபொருள் காதலும் சலிப்பும் வேலையின்மையும் வீட்டுச் சண்டையும். நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 1976இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் 14 பாட்டுகள். மொத்தமும் முப்பது நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

அந்த வருடக் கடைசியில் மான்செஸ்டர் நகரத்தின் பஸ்காக்ஸ் குழு ஒரு காரியம் செய்தது. வீட்டாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி நான்கு பாட்டுகளைப் பதிந்தார்கள். 1977 ஜனவரியில், ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று தாங்களே ஒரு கம்பெனிப் பெயர் வைத்து, முதலில் 1,000 இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள். உறையில் எந்தப் பாட்டு எத்தனையாவது முறை பாடிப் பதிந்தது என்பதையும் அச்சிட்டார்கள். ‘இது மந்திரமில்லை, நீயும் செய்யலாம்’ என்று கேட்பவனுக்குச் சொல்லும் உறை அது. பதினாறாயிரம் பிரதிகள் வரை விற்றதாகக் கணக்கு. இசைத்தட்டுக் கம்பெனி வாசலில் காத்துக் கிடந்த ஒரு தலைமுறை அதைப் பார்த்து எழுந்து வீட்டுக்குப் போய்த் தானே பதிவு செய்ய ஆரம்பித்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது டெரி. வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே எல்லையை ஒட்டி நிற்கும் ஊர். 1972 ஜனவரி 30 அன்று, ஊர்வலம் போன மக்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற இடம். அந்த ஊரில் வளர்ந்த ஐந்து பையன்கள் ‘அண்டர்டோன்ஸ்’ என்று குழு அமைத்தார்கள். 1978 ஜூனில் பெல்ஃபாஸ்ட் போய் 200 பவுண்டு செலவில் நான்கு பாட்டுகளைப் பதிந்தார்கள். வெளியிட்டவர் டெர்ரி ஹூலி. இசைத்தட்டுக் கடை நடத்தியவர். ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற சிறு வெளியீட்டகத்தைக் கடையோடு சேர்த்து வைத்திருந்தார். ‘டீனேஜ் கிக்ஸ்’ என்ற பாட்டை பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் ஒலிபரப்பினார். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போட்டார். சில வாரங்களில் சைர் என்ற அமெரிக்கக் கம்பெனி அவர்களைத் தேடி வந்தது.

துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த அந்தப் பையன்கள் பாடியது ஒரு பதின்வயதுக்காரனின் ஆசையைப் பற்றி. எங்கள் வாழ்க்கையைச் செய்தித்தாள் தலைப்பு தீர்மானிக்க விடமாட்டோம் என்ற பிடிவாதம் அதில் இருந்தது. பாடகர் ஃபியர்கல் ஷார்க்கி லண்டன் உச்சரிப்பைக் கடன் வாங்கவில்லை. டெரி ஊர்க்காரனாகவே பாடினார். எல்லையூர்ப் பிள்ளைகள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். மூணாறு என்றால் நிலச்சரிவு, அட்டப்பாடி என்றால் குழந்தை மரணம் என்று வெளியுலகம் முடிவு கட்டி வைத்திருக்கிறது. அந்தத் துயரங்கள் உண்மை. ஆனால் அங்கே காதலிக்கிறார்கள், பஸ்ஸைத் தவறவிடுகிறார்கள், பரீட்சையில் கோட்டை விடுகிறார்கள், மழையில் மைதானத்தில் பந்து ஆடுகிறார்கள். அதையும் அவர்கள்தான் பாடவேண்டும்.

கொச்சி, திருவனந்தபுரம், கண்ணூர்

கேரளத்தில் இந்தப் பாதை புதிதில்லை. 1970களின் இறுதியில் கொச்சியில் உருவான 13ஏடி, ஓட்டல் மேடையில் வெளிநாட்டுப் பாட்டுகளை வாசித்துப் பழகி, பிறகு சொந்த ஆங்கிலப் பாட்டுகளோடு ‘கிரவுண்ட் ஜீரோ’ என்ற தொகுப்பை வெளியிட்டது. 1996இல் அதே நகரத்தில் தொடங்கிய மதர்ஜேன், கிட்டாரில் கர்நாடக கமகத்தையும் செண்டையின் கணக்கையும் கொண்டுவந்தது. அவர்களின் ‘மக்தூப்’ 2008இல் வந்தது.

அதே 2008இல் வந்த ‘அவியல்’ தொகுப்பு ஒரு திருப்பம். திருவனந்தபுரத்தில் 2003 வாக்கில் சேர்ந்த அவியல் குழு, ராக் இசைக்கு ஆங்கிலம்தான் பொருந்தும் என்ற எண்ணத்தை உடைத்து மலையாளத்தில் பாடியது. நாட்டுப்புறச் சொல்லும் மின் கிட்டாரும் ஒன்றையொன்று கூச்சமில்லாமல் தழுவிக்கொண்டன. பிறகு திருச்சூர்ப் பக்கத்திலிருந்து ஊராளி வந்தது. மேடைக்காகக் காத்திருக்காமல் மக்கள் கூடும் இடத்தையே மேடையாக்கிக்கொண்ட குழு அது. 2013இல் தைக்குடம் பிரிட்ஜ், தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியின் வழியே வீடு வீடாகப் போனது. அந்தக் குழுவின் கோவிந்த் வசந்தாதான் ‘96’ படத்தின் மூலம் தமிழர்களின் தூக்கத்தைக் கலைத்தவர். கண்ணூரில் 2009இல் தொடங்கிய டவுன் டிராடன்ஸ் என்ற மெட்டல் குழுவில் கீபோர்டு வாசித்த சுஷின் ஷியாம், இன்று மலையாளத் திரையிசையின் முன்வரிசையில் இருக்கிறார்.

பாப் பங்க் என்ற பெயரிலேயே இந்தியாவில் இயங்கிய குழுக்களும் உண்டு. மும்பையின் லைட்இயர்ஸ் எக்ஸ்ப்ளோட் 2013இல் தன் முதல் முழுத்தொகுப்பை வெளியிட்டது. பாப் பங்க் என்ற பெயர் இல்லாவிட்டாலும், சென்னையில் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்து மேடையில் ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே வரிசையில் நிறுத்தி, சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்டது. பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில், தென்மாவின் இசை ஒருங்கிணைப்பில் உருவான அந்தக் குழுவில் இசைவாணி, அறிவு போன்ற குரல்கள் வெளிப்பட்டன.

இந்தப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் ஒன்று புரியும். குழுக்கள் வாழ்ந்தது நகரத்தில். ஆனால் அவர்கள் தனித்துத் தெரிந்தது சொந்த ஊரின் சொல்லையும் தாளத்தையும் கையில் எடுத்த பிறகுதான். அந்தச் சொல்லும் தாளமும் எல்லை ஊர்களில் பிறப்பிலேயே கிடைக்கின்றன.

அட்டப்பாடியின் குரல்

2020 பிப்ரவரியில் ‘அய்யப்பனும் கோஷியும்’ வெளிவந்தது. இயக்குநர் சச்சி, இசை ஜேக்ஸ் பிஜோய். படம் திரைக்கு வருவதற்கு முன்பே, அதில் ஒலித்த இருளர் மொழிப் பாட்டு ஊரெங்கும் பரவியிருந்தது. எழுதிப் பாடியவர் அட்டப்பாடியின் நஞ்சியம்மா. ஆடு மாடு மேய்த்துக்கொண்டே பாடி வளர்ந்தவர். அட்டப்பாடியில் பழனிசாமி நடத்திய ஆசாத் கலா சங்கத்தின் மேடைகளில் பல வருடம் பாடியவர். 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்கு.

உடனே ஒரு சர்ச்சை கிளம்பியது. முறையாகச் சங்கீதம் பயின்றவர்கள் இருக்க, சுருதி சேர்த்துப் பாடத் தெரியாதவருக்கா விருது என்று கேட்டார்கள். பல இசைக்கலைஞர்கள் நஞ்சியம்மா பக்கம் நின்று பதில் சொன்னார்கள். அந்தக் கேள்வியை நான் இன்றும் கோபத்தோடுதான் நினைக்கிறேன். சங்கீதம் என்பது ஒரே ஒரு பள்ளிக்கூடம் அச்சிட்டுத் தரும் சான்றிதழ் என்று நினைப்பவர்கள் கேட்ட கேள்வி அது. 1977இல் மான்செஸ்டர் பையன்களைப் பார்த்து ‘வாசிக்கவே தெரியவில்லை’ என்றவர்களும் இதைத்தான் சொன்னார்கள். காடு, மேய்ச்சல், தாலாட்டு, சாவு என்று ஒரு வாழ்க்கை முழுவதையும் ஒரு குரல் சுமந்து வரும்போது, அந்தக் குரலின் சுருதியை அந்த வாழ்க்கைதான் தீர்மானிக்கிறது.

நஞ்சியம்மாவின் பெயர் பாடலாசிரியராகவும் பாடகியாகவும் படத்தில் இடம்பெற்றது. அது சரியாக நடந்தது. சச்சிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒரு நல்ல இயக்குநர் வந்து கதவைத் தட்டினால்தான் ஒரு மலையின் பாட்டு வெளியே வரும் என்ற நிலை நல்லதில்லை. கதவு உள்ளிருந்தும் திறக்கவேண்டும்.

பாட்டு யாருடையது?

இடுக்கியில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பட்டா பற்றிய பேச்சு காதில் விழும். தலைமுறைகளாக உழுத நிலம், ஆனால் கையில் காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவனுக்குக் கடன் இல்லை, உரிமை இல்லை, நாளைக்கு வருபவன் எழுப்பிவிடலாம். பாட்டின் கதையும் அதேதான். பாடியது நாம், பட்டா வேறொருவர் பெயரில்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டில் பல உரிமைகளைப் பிரித்துப் பார்க்கிறது. சொல் எழுதியவருக்கு ஒன்று, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று. இவை அவர்களின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நிற்கும். ஒலிப்பதிவு என்பது தனிச் சொத்து. பதிவை முன்னின்று செய்து பொறுப்பேற்றவர்தான் அதன் உரிமையாளர். வெளியான பின் 60 ஆண்டுகள் அவர் கையில். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு. அது 50 ஆண்டுகள்.

இந்த ஒலிப்பதிவு விதியை எல்லை ஊர்கள் நன்றாக உள்வாங்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக வரும் பாட்டுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆசிரியர் கிடையாது. அதை யாரும் பாடலாம், யாரும் பதிவு செய்யலாம். ஆனால் ஒருவர் மைக்கோடு வந்து பதிந்து போனால் அந்தப் பதிவு அவருடையது. பாட்டி பாடிய அந்தப் பதிவை வெளியிடப் பேத்தி அவரிடம் அனுமதி வாங்கவேண்டிய நிலைகூட வரலாம். அதே பாட்டை ஊரே பதிவு செய்திருந்தால் உரிமை ஊரில் இருந்திருக்கும்.

உரிமைக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த எல்லையே ஓர் உதாரணம் தந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ படப்பாட்டு கதையின் உயிராக வருகிறது. இசையமைப்பாளர் அதே சுஷின் ஷியாம். அந்த ஆண்டு மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து பதிப்புரிமை நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருந்த கம்பெனிகளிடம் முறைப்படி வாங்கியிருக்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் பதில் சொன்னார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்ற விவாதம் தமிழகமெங்கும் நடந்தது. எனக்குப் பட்டது வேறு. இத்தனை புகழ் பெற்ற மேதையின் பாட்டுக்கே உரிமை யாருடையது என்பது இத்தனை சிக்கல் என்றால், காகிதம் என்றே ஒன்று இல்லாத மலைப் பாடகியின் கதி என்ன?

நண்பர்களுக்குள் நடக்கும் காரியம்தானே, காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கிரீன் டே குழுவின் கதை பதில். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், கில்மன் தெருவில், இளைஞர்கள் தாங்களே நடத்திய அரங்கில் வளர்ந்த குழு அது. முதல் இரண்டு தொகுப்புகளும் லுக்அவுட் என்ற சிறு சுயாதீனக் கம்பெனியில் வந்தன. பெரிய கம்பெனிக்குப் போய், 1994இல் ‘டூக்கி’ வெளியாகி, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. ஆனால் பழைய தொகுப்புகளின் ராயல்டி பாக்கி நின்றுபோனது. 2005இல் அவர்கள் அந்தத் தொகுப்புகளை லுக்அவுட்டிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உரிமை விஷயத்தில் கவனமாக இருப்பவர்களால்தான் அப்படி எடுக்க முடியும்.

பட்டா வாங்கும் வழி

இன்று வழி எளிது. முதல் படி, பாட்டைப் பதியும் முன் ஒரு தாளில் எழுதுவது: சொல் யாருடையது, மெட்டு யாருடையது, யார் எந்தக் கருவி வாசித்தார், வருமானத்தில் யாருக்கு எத்தனை பங்கு. தேதி போட்டு எல்லோரும் கையெழுத்து. கல்யாண மொய் நோட்டு எழுதத் தெரிந்த சமூகத்துக்கு இது கஷ்டமே இல்லை.

அடுத்து பதிவு. ஒரு கணினி, இரண்டு மைக் செருகும் சிறு ஒலிப்பெட்டி, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். மழை பெய்யாத இரவாகப் பார்த்து, கம்பளியும் மெத்தையும் சுவரில் தொங்கவிட்ட ஓர் அறையில் நல்ல பதிவு கிடைக்கும். பங்க் இசை கரடுமுரடை மன்னிக்கும். பறையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பதியவேண்டும். அதன் அடியை மலிவான மைக் தாங்காது.

பிறகு வெளியீடு. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு, வருடக் கட்டணமோ பங்கோ வாங்கிக்கொண்டு பாட்டைக் கொண்டுசேர்க்கும் வினியோக நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து அடையாள எண் உண்டு. பெரும்பாலும் வினியோகிப்பவரே அதைத் தருவார். பாட்டு உலகின் எந்த மூலையில் ஓடினாலும் கணக்கு அந்த எண்ணில் விழும். சொல்லும் மெட்டும் தந்தவர்கள் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். 1969இல் தொடங்கிய அந்த அமைப்பு, பாட்டு பொதுவெளியில் ஒலிக்கும்போது ராயல்டி வசூலித்துத் தருகிறது.

ஓர் எச்சரிக்கை. பாவலர் காலத்தில் சினிமா மெட்டைக் கடன் வாங்கி மேடையில் பாடினால் மக்கள் கை தட்டினார்கள். இன்று அதை யூடியூபில் ஏற்றினால் இயந்திரமே மெட்டை அடையாளம் கண்டு வருமானத்தை மூலக் கம்பெனிக்குத் திருப்பிவிடக்கூடும். ஆகவே மெட்டும் சொந்தமாக இருக்கட்டும். ஊரின் தாளக்கட்டு யாருக்கும் கட்டுப்படாத பொதுச் சொத்து. அதிலிருந்து புது மெட்டு எத்தனை வேண்டுமானாலும் முளைக்கும்.

பணத்தைப் பற்றியும் உண்மை பேசவேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடியிருந்தால்தான் ராயல்டிக் கணக்கில் சேரும். அதைத் தாண்டினாலும் வருவது சில்லறைதான். நேராக ரசிகர் கையிலிருந்து வாங்கும் வழி மேல். பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு, கட்டணச் செலவு போக மிச்சத்தைக் கலைஞருக்கே தருகிறது. மேடை நிகழ்ச்சி, சட்டை, சிறு பாட்டுப் புத்தகம் என்று குழுக்கள் பிழைப்பதும் இப்படித்தான். எல்லை ஊர்களுக்குக் கூடுதலாக ஒன்று இருக்கிறது. திருவிழா. கோயில் கமிட்டி, தேவாலயப் பெருநாள், தோட்டத்துக் கலைவிழா என்று வருடம் முழுக்க மேடை. வெளியூர் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கும் நேரத்தில் அரை மணியை உள்ளூர்ப் பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்கினால், ஒரு தலைமுறை எழுந்து நிற்கும்.

யாராவது உரிமையை எழுதிக் கேட்டால் அவசரப்படவேண்டாம். சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். சினிமாவுக்குப் பாட்டுக் கொடுத்தாலும், திரையரங்கத்துக்கு வெளியே அது ஓடும்போது கிடைக்கும் ராயல்டியில் எழுத்தாளருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கும்படி எழுதி வாங்க முடியாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பேரம் பேச உட்காருங்கள்.

நாம் செய்யவேண்டியது

கோழிக்கோட்டில் உள்ள பழங்குடியினர் ஆய்வு நிறுவனமான கிர்த்தாட்ஸ், கண்ணூரின் கேரள நாட்டார் கலை அகாதமி போன்ற நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. ஒரு பழங்குடி ஊரில் எடுக்கும் ஒவ்வொரு பதிவிலும் பாடியவரின் பெயர் இருக்கட்டும், ஒரு பிரதி அந்த ஊருக்குப் போகட்டும், உரிமையில் அந்த ஊருக்குப் பங்கு எழுதப்படட்டும். சித்தூர், மூணாறு, அகளி, பீர்மேடு வட்டாரப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆண்டுவிழாவுக்குச் சினிமாப் பாட்டுக்கு ஆடப் பயிற்சி தரும் ஆசிரியர்கள், ஒரு வருடமாவது பிள்ளைகளையே பாட்டு எழுதச் சொல்லிப் பார்க்கட்டும். வரும் பாட்டு தமிழா மலையாளமா இருளரா முதுவானா என்று திருத்தவேண்டாம். எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே வரட்டும்.

வாசகர்களிடமும் கேட்கவேண்டியது உண்டு. இந்த மலைகளிலிருந்து ஒரு பிள்ளை தன் சொந்தப் பாட்டை வெளியிட்டால், இலவசமாகக் கேட்டு ஒரு இதயக்குறி போட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு டீயும் வடையும் வாங்கும் காசைக் கொடுத்து அந்தப் பாட்டை வாங்குங்கள். 1958இல் ஒரு குடும்பம் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறியபோது அவர்கள் கையில் இல்லாத அத்தனை கருவியும் இன்று ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கிறது. குறைவது நம் காதும் காசும்தான். அந்த இரண்டையும் கொடுப்போம். பாடியவர் பெயரிலேயே பட்டா எழுதப்படும்.